திருட்டுப்போன கார் அகப்பட்ட பிறகு

காணாமற்போன கார் கிடைத்துவிட்டது என்று போலீசார் சொன்னவுடனே சாவியை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். அங்கே போனால், "கோர்ட்டுல ஆர்டர் வாங்கிட்டு வாங்க" என்கிறார்கள். மனம் சோர்ந்துபோகிறது அல்லவா? ஆனால் அவர்கள் சொல்வது சரிதான். அந்தக் கார் இப்போது வழக்குச் சொத்து, விடுவிக்கிறவர் மாஜிஸ்திரேட்.

2024 ஜூலை 1 முதல் இந்த மனு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503 பிரிவுகளின் கீழ் வருகிறது. பழைய சட்டத்தில் அவை 451, 457. ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.ஐ.ஆர். நகல்களை இணைத்து, கோர்ட் கேட்கும் பத்திரமும் ஜாமீனும் கொடுங்கள்.

"கேஸ் முடியட்டும், பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதிருங்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்து டயர் மக்கும், பேட்டரி செத்துப்போகும், ஸ்டெப்னி எங்கே போச்சுன்னே தெரியாது! 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்சநீதிமன்றமே, வண்டிகளை ஸ்டேஷனில் நெடுநாள் போட்டுவைப்பதில் பயனில்லை என்றது. போட்டோவும் மகஜரும் எடுத்துக்கொண்டு, தக்க பத்திரத்தின்பேரில் உரியவரிடம் ஒப்படைக்கலாம்.

இன்சூரன்ஸ் பணத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? அப்படியானால் மனுப்போடும் முன்னே கம்பெனிக்குத் தெரியப்படுத்துங்கள். பெரும்பாலும் காரைக் கேட்கும் உரிமை அவர்களுக்குப் போயிருக்கும்.