கம்பெனி கொடுப்பதா, சட்டம் கொடுப்பதா

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவன் ஒருவன் அப்பா அம்மாவோடு வீட்டுக்கு வந்தான். ஐ.டி.ஐ.யில் என்னிடம் இரண்டு வருடம் ஃபிட்டர் படித்துவிட்டு, கோவையில் ஒரு பிரஸ் ஷாப்பில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவன். வயது இருபது. வலது கையைத் துண்டுக்குள் மறைத்தபடியே உட்கார்ந்தான். பவர் பிரஸ்ஸில் மூன்று விரல் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்க வரவில்லை. அதெல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டியதுபோக 60,000 ரூபாய் கம்பெனியில் கொடுத்திருக்கிறார்கள். அதை முன்பணமாகக் கட்டிப் பையனுக்கு லோடு ஆட்டோ எடுக்கலாமா, எந்த வண்டி நல்ல வண்டி என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

"கையெழுத்து ஏதாச்சும் போட்டீங்களா?" என்றேன்.

"போட்டமுங்க. முத்திரைத்தாள்ல ரெண்டு எடத்துல. பெரிய மச்சான்தான் பேசி முடிச்சாரு. கேசுன்னு போனா பத்து வருசம் இழுப்பாங்க, இதுவும் வராதுன்னாருங்க."

இரண்டு வருடத்தில் இப்படி வந்த மூன்றாவது பையன் இவன். மூன்று வீட்டிலும் முடிவெடுத்தது அடிபட்டவன் இல்லை. மாமாவோ, சித்தப்பாவோ, கம்பெனி சூப்பர்வைசரோ பேசி முடித்திருக்கிறார்கள். கூடவே ஒரு பேச்சும் ஓடுகிறது: பக்கத்து ஷெட்டில் அடிபட்ட இன்னொருவன் ஒரே வாரத்தில் செட்டில்மெண்ட் வாங்கிப் புது பைக் எடுத்துவிட்டான் என்று. படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பார்த்த அதே கூத்தை இங்கேயும் பார்க்கிறேன். ஊரே மெக்கட்ரானிக்ஸ் என்றால் மெக்கட்ரானிக்ஸ், ஊரே செட்டில்மெண்ட் என்றால் செட்டில்மெண்ட். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேலையில் அடிபட்டவருக்குச் சட்டம் தரும் முதல் வழி ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசு காப்பீடு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு அது உண்டு. தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். வேலையில் அடிபட்டால் இத்தனை மாதம் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. சிகிச்சை இலவசம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். அந்தப் பணம் வாங்கும் காலத்தில் உங்களை வேலையைவிட்டு நீக்கக்கூடாது. நிரந்தர ஊனம் என்றால் மருத்துவக் குழு எத்தனை சதவீதம் என்று முடிவு செய்யும், அதற்கேற்ப ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். திரும்ப வேலைக்குப் போய் முழுச் சம்பளம் வாங்கினாலும் அது நிற்காது.

இரண்டாவது, இழப்பீட்டுச் சட்டம். 1923இல் வந்தது. ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு இதுதான் வழி. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் துணை ஆணையர், இணை ஆணையர் நிலையில் இருப்பவர்கள் இந்த மனுக்களை விசாரிக்கிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்து, பழைய இரண்டு சட்டங்களையும் தனக்குள் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் தொகை போடும் முறையின் அடிப்படை மாறவில்லை, ஆட்கள் வாயிலும் பழைய பெயர்தான் இருக்கிறது. நானும் அப்படியே சொல்கிறேன்.

இந்த இரண்டில் எது வேண்டும் என்று தொழிலாளி தேர்ந்தெடுக்க முடியாது. ஈ.எஸ்.ஐ.க்குள் வருகிறவர் இழப்பீட்டுச் சட்டத்தில் கேட்க முடியாது. என்னைக் கேட்டால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. 1987இல் ஒரு பட்டறையில் என் வலதுகை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனது. ஈ.எஸ்.ஐ. அட்டவணையில் அதற்கு 11 சதவீதம். கம்பெனியில் 5,000 ரூபாய் தருகிறோம் என்றார்கள், அக்கா கல்யாணத்துக்கு ஆகும் என்று அப்பா தவித்தார். சங்கத்துச் செயலாளர் ஒருவர்தான் குறுக்கே நின்று தடுத்தார். சிறிய தொகைதான், ஆனால் அவ்வப்போது உயர்த்தப்பட்டு இன்றுவரை என் கணக்கில் விழுகிறது. அந்த 5,000 ரூபாய் வந்திருந்தால் அந்த வருட ஆடியைத் தாண்டியிருக்காது.

இப்போதெல்லாம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி என்றாலே பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். கூட்டம், வரிசை, காத்திருப்பு எல்லாம் உண்மைதான். ஆனால் அங்கே எழுதப்படும் சீட்டு ஒவ்வொன்றும் உங்கள் பென்ஷனுக்குச் சாட்சி. தனியார் ஆஸ்பத்திரியின் ஏ.சி. அறையில் கிடைப்பது சில சமயம் இதற்கு நேர் எதிரான சாட்சி. அதைப் பிறகு சொல்கிறேன்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்டட வேலைக்காரர்கள் நல வாரியத்தில் பதிந்திருந்தால் அங்கே தனியாக விபத்து உதவி கேட்கலாம். வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீடு இருந்தால் அதையும் பாருங்கள். லாரி டிரைவர், கிளீனர் மாதிரி வேலை நேரத்தில் சாலை விபத்தில் அடிபட்டவர்கள் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம், இழப்பீட்டுச் சட்டத்திலும் கேட்கலாம். ஆனால் ஏதாவது ஒன்றில்தான். அதை ஒரு வக்கீலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அப்ரண்டிஸ் பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 1961ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தில் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்தவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. உடனே "உனக்கு ஒண்ணுமே கிடையாதுப்பா" என்று சொல்லிவிடுகிறார்கள். அது பொய். அதே சட்டம், பயிற்சியில் அடிபட்டால் இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளி பணம் தர வேண்டும் என்கிறது. உதவித்தொகையையே சம்பளமாக வைத்துக் கணக்குப் போடுவார்கள்.

என் மாணவனுக்கு எவ்வளவு வர வேண்டும் என்று அன்றைக்கே திண்ணையில் உட்கார்ந்து போட்டுக் காட்டினேன். மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை. அதில் 60 சதவீதம் 6,000. இருபது வயதுக்கு அட்டவணையில் இருக்கும் பெருக்குத்தொகை 224. பெருக்கினால் 13,44,000, இது முழு ஊனத்துக்கு உண்டான தொகை. ஒரே கையில் மூன்று விரல் போனால் 30 சதவீதம். ஆக 4,03,200 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். தாமதித்தால் 12 சதவீத வட்டி, தகுந்த காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. கட்டுப்போட்டு வீட்டில் இருந்த காலத்துக்குத் தனியாக மாதம் பாதிச் சம்பளம். இவர்கள் வாங்கியது 60,000. அவன் அம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதே பையன் ஈ.எஸ்.ஐ.யில் இருந்திருந்தால்? தினக்கூலி சுமார் 333, அதில் 90 சதவீதம் 300, அதில் 30 சதவீதம் 90 ரூபாய். மாதம் 2,700. அறுபது வயது வரைக்கும் கூட்டினாலே 12,96,000. மொத்தமாக வருவதா, மாதாமாதம் வருவதா என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு மாதாமாதம் என்பேன். மொத்தப் பணம் வீட்டுக்குள் நுழையும்போதே அதற்குப் பத்துச் சொந்தக்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

இனி எல்லோரும் போற்றும் அந்தச் செட்டில்மெண்ட். அது எப்படி நடக்கிறது என்று படிப்படியாகத் தெரிந்துகொள்ளுங்கள், அப்போதுதான் முதல் படியிலேயே நிற்க முடியும்.

விரல் போன அன்றைக்கே சூப்பர்வைசர் தன் காரில் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். போகும் வழியிலேயே சொல்வார்: "டாக்டர் கேட்டா வீட்ல வண்டி செயின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லு. கம்பெனின்னு சொன்னா போலீஸ் கேசாயிரும், கட்டுப்போட நேரமாகும்." வலியில் துடிக்கிற பிள்ளை அப்படியே சொல்லிவிடுவான். அந்த ஒரு வரி ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஏறிவிட்டால் பிறகு அதை அழிக்கப் படாதபாடு பட வேண்டும். எங்கே, எந்த மிஷினில், எத்தனை மணிக்கு அடிபட்டது என்பதை டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். கம்பெனி பெயரோடு அது எழுதப்பட்டிருக்கிறதா என்று கூடப்போனவர் பார்க்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் சரி. அங்கேயும் உண்மையைச் சொல்லலாம்.

அடுத்தது பயமுறுத்தல். "பிரஸ்ஸோட கார்டை நீதானே கழட்டுனே? உம்மேலதான் தப்பு." டார்கெட் முடிக்கச் சொல்லிக் கழற்ற வைத்தவரே இதைச் சொல்வார். கவனக்குறைவு என்ற ஒரே காரணத்தால் இழப்பீடு போகாது. குடித்திருந்தது, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியது என்று நிரூபித்தால்தான் மறுக்கலாம். சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்தச் சாக்குகளும் செல்லாது.

பிறகு ஆஸ்பத்திரி பில். "ஒண்ணேமுக்கால் லட்சம் கட்டியிருக்கோம், இதுக்கு மேல என்ன எதிர்பார்க்கறீங்க?" மருத்துவச் செலவைக் கொடுப்பது சட்டப்படி முதலாளியின் கடமை. அதை இழப்பீட்டில் கழிக்க முடியாது. அது தனி, இது தனி. இந்த ஒன்றைத் தெரியாமல்தான் பெற்றோர்கள் நன்றிக்கடன் பட்டவர்களாகத் தலைகுனிந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கடைசியில் முத்திரைத்தாள். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை." இதைப் பார்த்துப் பயந்து நின்றுவிட்டவர்களுக்குத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. பேசி முடித்த தொகையை ஆணையரிடம் பதிய வேண்டும். தொகை போதாது என்றாலோ, ஏமாற்றி, நெருக்கடி கொடுத்து வாங்கியது என்றாலோ அவர் பதிய மறுக்கலாம். பதியாமல் விட்டால் முதலாளி முழு இழப்பீட்டையும் கட்ட வேண்டும். ஏற்கெனவே கொடுத்ததில், ஆணையர் வேறு விதமாகச் சொன்னால் ஒழிய, பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளக்கூட முடியாது. இறந்தவர் குடும்பத்துக்கு நேரில் கொடுக்கும் பணமும் இழப்பீடாகாது, அதை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும்.

சட்டவழியில் செலவே இல்லை என்று சொல்லமாட்டேன். மனுவை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நான் பார்த்தவரை வருடக்கணக்கில் ஆகிறது. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு நாள் கூலி போகும். வக்கீல் எத்தனை சதவீதம் எடுப்பார் என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு வக்கீல் இலவசம், வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தவர்கள் அவரைத் தேடி அலைய வேண்டாம், வேலை வாங்கிய கம்பெனியையே கேட்கலாம். மனுவை விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

சதவீதத்தையும் யாரோ சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். 1975இல் உச்ச நீதிமன்றம் ஒரு தச்சரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இடது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. ஒரு கை இருக்கிறதே என்று முதலாளி தரப்பு வாதாடியது. ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது, அதனால் இது நூறு சதவீத இழப்பு என்றது நீதிமன்றம். கை போனதை மட்டும் பார்க்காமல், அந்தக் கையால் அவர் என்ன வேலை செய்தார் என்று பார்த்தார்கள்.

இந்த லோடு ஆட்டோவுக்கும் அதே பார்வை வேண்டும். புண் ஆறுமுன் ஏன் வண்டி? அவனுக்கு வண்டி ஓட்டுவதில் ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. என் வகுப்பில் டிராயிங் பார்த்து ஜாப்பின் அளவைச் சொல்வதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. வெர்னியரில் மற்றவர்கள் இரண்டு தரம் பார்ப்பதை ஒரே பார்வையில் படிப்பான். இன்ஸ்பெக்‌ஷன், சி.என்.சி. புரோகிராமிங், கேட் வரைபடம் என்று அவன் கண்ணுக்கும் மூளைக்கும் வேலை காத்திருக்கிறது. மிச்சமிருக்கும் இரண்டு விரலால் என்ன முடியும் என்பது தெரியவே ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும். எனக்கு விரல் போன பிறகு ஃபைல் பிடித்து நேராக இழுக்க எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதத்தில் யாராவது என்னை ஒரு மளிகைக் கடையில் உட்கார வைத்திருந்தால் நான் வாத்தியார் ஆகியிருக்கமாட்டேன். பெற்றவர்களே, பிள்ளைக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். மாமாவிடம் கேட்பதற்கு முன் அவனிடம் கேளுங்கள்.

அன்றைக்கு அவனிடம் கேட்டேன். "சார், மெட்ராலஜி லேபுக்கு மறுபடி வரலாமா?" என்றான். அவன் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, லோடு ஆட்டோ விளம்பரத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த முத்திரைத்தாள் எங்கும் பதியப்படவில்லை. கெடுவுக்கு இன்னும் பதினைந்து மாதம்போல இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை தொழிலாளர் அலுவலகத்துக்கு எல்லோரும் போகிறோம். அப்ரண்டிஸ் ஒப்பந்தம், உதவித்தொகை ஏறிய பாஸ்புக் பக்கங்கள், டிஸ்சார்ஜ் சீட்டு, அன்றைக்கு ஷிஃப்டில் பக்கத்து மிஷினில் நின்ற இரண்டு பேரின் பெயர், இவ்வளவும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.