கடல் கடந்தால் கார்டு வேலை செய்யுமா?

ஸ்ரீரங்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர், குடும்பத்துடன் கோலாலம்பூர் போயிருந்தார். கையில் கொஞ்சம் ரிங்கிட். மீதிச் செலவுக்கு வங்கிக் கார்டு. பத்துமலை தரிசனம் முடித்துத் திரும்பும் வழியில் ஏ.டி.எம்.மில் கார்டைச் செருகினால் 'அனுமதி இல்லை' என்று வந்தது. கணக்கில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கிறது. அடுத்த தெரு இயந்திரத்திலும் அதே பதில்தான். கடைசியில் உடன் வந்த சம்பந்தியிடம் கைமாற்று வாங்கி ஓட்டல் பாக்கியைத் தீர்த்தார். சம்பந்தியிடம் கைநீட்டுவது எப்படி இருக்கும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

திருச்சியிலிருந்தே சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்புக்கு விமானம் இருப்பதால், நம் வியாபாரிகளில் பலர் இப்போது வெளிநாடு போய் வருகிறார்கள். ஆகவே இதைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

அவர் கார்டில் பழுது ஒன்றுமில்லை. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை விட்டது. அதன்படி, அந்த ஆண்டு மார்ச் 16 முதல் புதிதாகவோ மாற்றாகவோ தரப்படும் கார்டுகள் இந்தியாவுக்குள் ஏ.டி.எம்.மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டு உபயோகத்தை நாமே கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும். திருட்டுக்குப் பயந்து போட்ட பூட்டு, நல்ல பூட்டுதான். வங்கியின் செயலியிலோ கிளையிலோ சொல்லித் திறக்கலாம். ஏ.டி.எம்., கடை இயந்திரம், இணையம் மூன்றுக்கும் தனித்தனி அனுமதி. ஒன்றைத் திறந்துவிட்டு மற்றது தானே திறந்திருக்கும் என்று இருந்துவிடக் கூடாது. தினசரி வரம்பையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஊர் திரும்பியதும் மறுபடி பூட்டிவிடலாம்.

கார்டு எந்த வகை என்பதையும் கவனிக்கவும். உள்நாட்டு ரூபே கார்டு அங்கே செல்லாது. விசா, மாஸ்டர்கார்டு அல்லது ரூபே குளோபல் வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். அங்கே இயந்திரம், "ரூபாயில் கழிக்கட்டுமா, ரிங்கிட்டில் கழிக்கட்டுமா?" என்று கேட்கும். நமக்குப் பழகிய ரூபாயைத்தான் கை தேடும். அங்கேதான் பிடிக்கிறார்கள். ரூபாய் என்றால் மாற்று விலையை அந்த இயந்திரக்காரரே வைப்பார், தன் லாபத்தையும் சேர்த்து. எடை போடுவதும் அவரே, விலை சொல்வதும் அவரே! எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள்.

அப்படிச் செய்தாலும் நம் வங்கியின் மாற்றுக் கட்டணம் உண்டு. பல கார்டுகளில் 3.5 சதவீதம். 10,000 ரூபாய்ச் செலவுக்கு 350 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 63 ரூபாய், ஆக 413. ஏ.டி.எம்.மில் எடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம் வேறு. ஐந்து முறை சில்லறையாக எடுப்பதைவிட ஒரே முறை மொத்தமாக எடுப்பது லாபம். மொத்தக் கொள்முதல் நமக்குப் புதிதா என்ன? கிரெடிட் கார்டில் மட்டும் ரொக்கம் எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

கடை பெயரில் உள்ள நடப்புக் கணக்குக் கார்டைச் சொந்தப் பயணத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டில் செலவிட இடம் தரும் ரிசர்வ் வங்கித் திட்டம் தனி நபருக்கு மட்டுமே. கூட்டு நிறுவனத்துக்கு இல்லை.

யு.பி.ஐ. இருக்கிறதே என்பார்கள். சிங்கப்பூரின் பேநவ்வுடன் 2023 பிப்ரவரியில் இணைப்பு வந்தது. இலங்கையில் 2024 பிப்ரவரியில் தொடங்கினார்கள். சௌகரியம்தான். ஆனால் எல்லாக் கடையிலும் இருக்கும் என்று நம்பி வெறுங்கையோடு கிளம்பக் கூடாது.

வங்கியில் பதிவான செல்பேசி எண்ணுக்கு ரோமிங் போட்டுக்கொள்ளுங்கள். கார்டை முடக்கும் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதி, பர்ஸில் வைக்காமல் பெட்டியில் வையுங்கள். பர்ஸ் போனால் தாளும் சேர்ந்து போகக் கூடாதல்லவா? நாம் செய்யாத கழிவு ஏதும் தெரிந்தால் அங்கிருந்தே வங்கிக்குச் சொல்லுங்கள். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் நஷ்டம் நம் தலையில் விழலாம்.

நம் உறுப்பினர் அடுத்து கொழும்பு கிளம்புகிறார். இரண்டு வங்கியின் கார்டுகள், இரண்டையும் திறந்தாயிற்று. சம்பந்தியும் கூட வருகிறாராம்.