முதலில் தூக்கத்துக்கு டிக்கெட் எடு

அன்புள்ள யாழினிக் கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஒரு வாரமாக உன் வாட்ஸ்அப்புக்குப் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இவ்வளவையும் அந்தச் சின்னத் திரையில் தட்டினால் என் கட்டைவிரல் தேய்ந்துவிடும். அதனால்தான் காகிதத்தில் எழுதி உன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் வழியில் தே தாரிக் கடையில் மறந்துவைத்துவிடாமல் இருக்க வேண்டும்.

வருகிற ஜூனில் நீயும் உன் தோழிகள் இரண்டு பேரும் பிரான்சுக்குப் போய் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயம் பார்க்கப் போகிறீர்கள் என்று உன் அம்மா சொன்னாள். சொன்னாள் என்ன, அழுதாள். "கார் சத்தம் கேக்க அவ்வளவு தூரம் போவணுமா? பாசிர் கூடாங் ரோட்டோரம் நின்னா கேக்காதா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அதிலிருந்து என்னோடும் பேச்சில்லை.

நீ போவதில் எனக்குச் சந்தோஷம்தான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் திட்டுவதற்கு வசதி. இந்தப் பைத்தியம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று உன் அம்மாவுக்குத்தான் தெரியவில்லை. 1998இல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் நம் பாசிர் கூடாங் ஓடுதளத்தில் நடந்தபோது, வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு என் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து வந்தவர் உன் அப்பா. அடுத்த வருஷமே செப்பாங் திறந்தார்கள், பந்தயம் அங்கே போய்விட்டது. உன் அப்பாவின் ஆசை மட்டும் இங்கேயே தங்கி உனக்கு வந்திருக்கிறது.

நீ நடிகர் அஜித்தால்தான் இதில் மாட்டினாய் என்று எனக்குத் தெரியாதா? 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்த அன்று, நள்ளிரவில் எனக்குக் காணொளி அனுப்பினவள் நீ. அவர் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடினதை நானும் பார்த்தேன், கண் கலங்கினேன் என்று வைத்துக்கொள். ஆனால் அந்தப் பந்தயத்துக்கு முன்னால் பயிற்சியில் அவர் கார் மோதிச் சுழன்றதையும், அதற்குப் பிறகு தன் அணிக் காரை மற்றவர்கள் ஓட்டட்டும் என்று அவர் ஒதுங்கிக்கொண்டு இன்னொரு பிரிவில் மட்டும் ஓட்டியதையும் நீ யாருக்கும் சொல்வதில்லை. எனக்கு அந்த ஒதுங்கல்தான் பெரிதாகப் படுகிறது. சொந்தப் பெயரில் அணி, சொந்தக் காசு, உலகம் முழுக்க ரசிகர்கள் பார்க்கிறார்கள். அப்படியும் இன்று என் உடம்பு இதற்குத் தயாரில்லை என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அதற்கு எவ்வளவு திடம் வேண்டும்!

லெ மானிலும் நம் ஆட்கள் இருந்திருக்கிறார்கள், தெரியுமா? சென்னைப் பையன் கருண் சந்தோக் 2012இல் அங்கே ஓட்டி ஆறாவது இடத்தில் முடித்தார். 2018இல் ஒரே காரில் மூன்று ஓட்டுநர்களும் மலேசியர்கள்: ஜாஸ்மன் ஜாபார், வெய்ரோன் தான், நபில் ஜெஃப்ரி. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் கதைதான் பாவம். 2009இல் எல்லாம் தயார். பந்தயம் தொடங்கச் சற்று முன் பிட் சுவரிலிருந்து இறங்கும்போது விழுந்து தோள்பட்டை நழுவிவிட்டது. மருத்துவர்கள் காரில் ஏறவே விடவில்லை. மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற காரில் ஒன்றும் ஆகவில்லை, ஆளுயரச் சுவரில் ஆகிவிட்டது. நீயும் மாடிப்படியில் கைப்பேசி பார்த்துக்கொண்டே இறங்குகிறவள் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்தது லோரி. பாசிர் கூடாங் துறைமுகத்திலிருந்து பட்டர்வொர்த் வரைக்கும் ராத்திரி ராத்திரியாகக் கொள்கலன் இழுத்தவன். பின்னிரவு மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் மனுஷனுக்கு என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டான். மாச்சாப் ஓய்விடத்தைத் தாண்டினது எப்போது என்றே தெரியாமல் பாகோவில் நிற்போம். அதனால் நீ அனுப்பின காணொளிகளில் காரைவிட ஓட்டுநர்களைத்தான் நான் பார்த்தேன். 2025இல் ஜெயித்த ஃபெராரி 387 சுற்று ஓடியிருக்கிறது. ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் 5,270 கிலோமீட்டருக்கு மேல். ஜொகூர் பாருவிலிருந்து புக்கிட் காயு ஈத்தாம் வரை போய்த் திரும்புவதை ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் செய்வது மாதிரி. அதையும் ஒரே ஆள் செய்ய விடுவதில்லை. காருக்கு மூன்று பேர். ஆறு மணி நேரத்துக்குள் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருவர் ஓட்டக் கூடாது, மொத்தமாகப் பதினான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் லோரி முதலாளிமார்களுக்கு இந்த விதியைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கலாம்!

விதி சும்மா வரவில்லை. 1952இல் பியர் லெவே என்ற பிரெஞ்சுக்காரர், கூட ஓட்ட ஆள் இருந்தும், தானே முழுக்க ஓட்டுவேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்தார். ஏறக்குறைய 23 மணி நேரம். பல சுற்றுகள் முன்னிலை. முடிய ஒரு மணி நேரம் சொச்சம் இருக்கும்போது என்ஜின் உடைந்துவிட்டது. சோர்வில் கியரைத் தப்பாகப் போட்டுவிட்டார் என்று சொல்வார்கள். பின்னால் வந்த மெர்சிடிஸ் ஜெயித்துவிட்டுப் போனது.

இப்போது உன் திட்டத்தைப் பார்க்கிறேன். வெள்ளி ராத்திரி சாங்கியில் விமானம் ஏறி, சனிக்கிழமை காலை பாரிசில் இறங்கி, ரயில் பிடித்து, நேராகப் பந்தயத்துக்கு. லீவு மிச்சமாகிறதாம். அடி பெண்ணே, ஜூனில் பிரான்ஸ் நம்மைவிட ஆறு மணி நேரம் பின்னால். அங்கே சாயங்காலம் நான்கு மணிக்குக் கொடி அசைக்கும்போது உன் உடம்புக்கு ராத்திரி பத்து. அங்கே நள்ளிரவு என்றால் உனக்கு விடிகாலை ஆறு. விமானத்திலும் படம் பார்த்துக்கொண்டே போவாய். ராத்திரியில் சிவந்து எரியும் பிரேக்கையும், மரங்களுக்கு நடுவே ஓடும் விளக்குகளையும் பார்க்கத்தானே இவ்வளவு ரிங்கிட் செலவு? அந்த நேரத்தில் நீ புல்தரையில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பாய். தோழிகள் அதைப் படம் எடுத்துப் போடுவார்கள்.

புதன்கிழமைக்குள் போய்ச் சேர். புதனும் வியாழனும் பயிற்சியும் தகுதிச் சுற்றும் உண்டு, இருட்டிலும் ஓட்டுவார்கள். வெள்ளிக்கிழமை அந்தப் பந்தயக் கார்கள் ஓடாது. ஊருக்குள் ஓட்டுநர்கள் ஊர்வலம் வருவார்கள், பார்த்துவிட்டுச் சீக்கிரம் படு. சனிக்கிழமை ராத்திரிக்கு மூன்று பேரும் முறை வைத்துக்கொள்ளுங்கள், ஒருத்தி தூங்க இரண்டு பேர் விழித்திருக்கட்டும். மழை வந்தாலும் வரும். 2024இல் ராத்திரி பாதுகாப்புக் காருக்குப் பின்னாலேயே நான்கு மணி நேரத்துக்கு மேல் எல்லாம் ஊர்ந்தன, பார்க்க ஒன்றும் இல்லை. அப்படி வந்தால் அதுதான் தூங்குகிற நேரம்.

திரும்பும் விமானத்தை ஞாயிறு ராத்திரிக்கு எடுக்காதே. பந்தயம் நான்கு மணிக்கு முடிந்ததும் அத்தனை சனமும் ஒரே டிராமுக்கும் ஒரே ரயிலுக்கும் நிற்கும். கூட்டத்துக்குப் பயந்து முன்னாலேயே கிளம்பவும் கூடாது. 2016இல் முன்னணியில் இருந்த டொயோட்டா, முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது சக்தி இழந்து நின்றது. அதைப் பார்க்காமல் ரயில் நிலையத்தில் நின்றவர்கள் இன்றைக்கும் வயிறு எரிந்துகொண்டிருப்பார்கள்.

சாமான் விஷயம் சுருக்கமாக. நமக்கு அங்கே விசா வேண்டாம், ஆனால் கடப்பிதழ் தேதியை இப்போதே எடுத்துப் பார். காதடைப்பான் கட்டாயம். ஜூன் என்றாலும் ராத்திரி கெந்திங் மாதிரி குளிரும், அந்த மெல்லிசுச் சட்டையை நம்பாதே. உன் அம்மா பால்கோவா கிண்டித் தருவாள். வாங்கி இங்கேயே தின்றுவிடு, பாலும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக விட மாட்டார்கள். நெத்திலிச் சம்பலுக்குத் தடையில்லை, நன்றாக மூடி எடுத்துப் போ. பயணக் காப்புறுதி எண்ணையும் தங்குமிட முகவரியையும் ஒரு தாளில் எழுதி உன்னிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று. கைப்பேசி செத்தால் தாள்தான் பேசும்.

இன்னொரு கதை சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். முன்பெல்லாம் அங்கே ஓட்டுநர்கள் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று, கொடி அசைந்ததும் ஓடிவந்து காரில் குதித்து ஏறிக் கிளம்புவார்கள். அவசரத்தில் பலர் இருக்கைப் பட்டை போட மாட்டார்கள், ஓட்டும்போதே மாட்டிக்கொள்ளலாம் என்று. 1969இல் ஜாக்கி இக்ஸ் என்ற இளைஞர் ஓடவில்லை. எல்லாரும் ஓட, அவர் சாவகாசமாக நடந்து போனார். உட்கார்ந்தார், பட்டையை ஒழுங்காக மாட்டினார், கடைசி ஆளாகக் கிளம்பினார். அந்த முதல் சுற்றிலேயே, பட்டை மாட்டாமல் போன ஜான் வுல்ஃப் என்பவர் விபத்தில் இறந்தார். 24 மணி நேரம் கழித்து ஜெயித்தது இக்ஸ்தான், சுமார் 120 மீட்டர் வித்தியாசத்தில். அடுத்த வருஷத்திலிருந்து ஓடிவந்து ஏறும் வழக்கமே இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். நீ விடியற்காலை நாலரைக்கு மோட்டாரை எடுக்கிறாய். ஹெல்மெட் வாரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே கிளம்பி, முதல் சிவப்பு விளக்கில்தான் மாட்டுகிறாய். உன் தெருமுனைக் கடையில் பசியாற உட்கார்ந்து நானே கண்ணால் பார்த்தேன். சிங்கப்பூர் போகும் பாலத்தில் ஆயிரம் மோட்டார் நெருக்கித் தள்ளும். அங்கே பகலெல்லாம் வேலை, அதற்கு மேல் இந்த லெ மான் செலவுக்காக ஓ.டி. என்று கூடுதல் நேர வேலை வேறு. வீட்டுக்கு வந்தால் ராத்திரி பத்து பத்தரை. கண்ணு, நீ டிக்கெட்டைச் சிங்கப்பூர் வெள்ளியில் வாங்கவில்லை, தூக்கத்தை விற்று வாங்குகிறாய். உன் அம்மா பிரான்சை நினைத்து அழுகிறாள். எனக்குப் பிரான்சைப் பற்றிப் பயமே இல்லை. பயம் எல்லாம் வுட்லண்ட்ஸ் போகிற அந்தப் பாலத்தைப் பற்றித்தான்.

அதனால் இந்த மாதத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் ஓ.டி. வேண்டாம் என்று மேலாளரிடம் சொல். மழை நாளில் மோட்டாரை வீட்டில் விட்டுப் பஸ்ஸில் போ. வாரை வீட்டு வாசலிலேயே மாட்டு. பணம் குறைந்தால் என்னிடம் கேள். கேட்க வெட்கமாக இருந்தால் அடுத்த ஜூனில் போ. 1923இல் தொடங்கின பந்தயம், உனக்காக ஒரு வருஷம் காத்திருக்கும்.

ஓ.டி.யைக் குறைத்துவிட்டேன் என்று நீ ஒரு வரி எழுதினால், அன்றைக்கே வந்து உன் அம்மாவிடம் நான் பேசுகிறேன். என்னோடு பேச மாட்டேன் என்றாலும் காப்பி தராமல் இருக்க மாட்டாள்.

அன்புடன்,
பெரியப்பா
மாசாய், ஜொகூர்