நாணயத்தின் நாணயம்

தமிழில் நாணயம் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று நேர்மை. கொடுக்கல் வாங்கலில் சொன்ன சொல் தவறாதவரை நாணயமானவர் என்கிறோம். ஆனால் காசு எப்பொழுதும் நாணயமாக நடந்துகொள்கிறதா? தன்மேல் பொறித்துள்ள ஆண்டில்தான் அது பிறந்ததா? வரலாறு பயிலும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது. ஏனெனில் கல்வெட்டு, செப்பேடு ஆகியவற்றோடு காசையும் நாம் முதன்மைச் சான்றாகக் கொள்கிறோம். இக்கேள்விக்கு விடை காண அமெரிக்காவின் தொடக்ககால வெள்ளிக் காசுகள் பெரிதும் உதவுகின்றன. அரிய காசுகளைத் தேடிச் சேர்த்தவர்கள், தாம் கொடுத்த பணம் வீண்போகக் கூடாதே என்ற கவலையினாலேயே அவற்றை நுணுகி ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சி வரலாற்றுக்கும் பயன்பட்டது.

மரம் பொறித்த ஷில்லிங்

பதினேழாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் ஆங்கிலக் குடியேற்றங்களில் காசுப் பஞ்சம் நிலவியது. தானியமும் தோலும் சிப்பி மணிகளும் பணமாகப் புழங்கின. வந்து சேர்ந்த ஸ்பானிய வெள்ளிக் காசுகளிலும் மாற்றுக் குறைந்தவை கலந்திருந்தன. ஆகவே மசாசூசெட்ஸ் குடியேற்றத்தின் பேரவை 1652ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் ஓர் அக்கசாலை நிறுவ ஆணையிட்டது. ஜான் ஹல் என்னும் பொற்கொல்லர் அதன் தலைவரானார். ராபர்ட் சாண்டர்சன் அவருடைய கூட்டாளி.

முதலில் வெளிவந்த காசில் ஒருபுறம் நியூ இங்கிலாந்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும், மறுபுறம் மதிப்பைக் குறிக்கும் ரோமானிய எண்ணும் மட்டுமே இருந்தன. மற்ற இடமெல்லாம் வெறுமையாக இருந்ததால் விளிம்பைக் கத்தரித்து வெள்ளியைத் திருடுவது எளிதாயிற்று. எனவே அதே ஆண்டில், ஓரம் முழுவதும் எழுத்து வரும்படியும் நடுவில் ஒரு மரம் அமையும்படியும் புதிய வடிவம் வகுக்கப்பட்டது. முதலில் வில்லோ மரம், 1660 முதல் ஓக் மரம், 1667 முதல் பைன் மரம் எனக் காசின் தோற்றம் மாறி வந்தது. 1682 அளவில் அக்கசாலை மூடப்பட்டது.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. முப்பது ஆண்டுக் காலம் அடிக்கப்பட்ட இக்காசுகளில், 1662 எனப் பொறித்த இரண்டு பென்னிக் காசு நீங்கலாக, ஆண்டு குறித்தவை அனைத்தும் 1652 என்றே சொல்கின்றன. காரணம் யாது? காசடிப்பது மன்னரின் உரிமை. 1652இல் இங்கிலாந்தில் மன்னராட்சி இல்லை. ஆகவே, பின்னர் மன்னர் வந்து கேட்டால், மன்னரில்லாக் காலத்தில் அடித்தது என்று சொல்லித் தப்பலாம் எனக் குடியேறிகள் கருதினர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். ஆணை பிறந்த ஆண்டையே காசில் பொறித்தனர், அவ்வளவே என்பது மற்றொரு விளக்கம். எதுவாயினும், 1652 என்ற எண்ணைக் கொண்டு ஒரு பைன் மர ஷில்லிங்கின் வயதைக் கணிப்பவர் ஏமாந்து போவார். அதன் வயதைச் சொல்வது மரத்தின் வடிவமே.

பிலடெல்பியாவின் வெள்ளி

விடுதலை பெற்ற அமெரிக்கா 1792 ஏப்ரல் 2ஆம் நாள் அக்கசாலைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு டாலரில் 371.25 கிரெயின் தூய வெள்ளியும், செம்பு சேர்த்து மொத்தம் 416 கிரெயின் எடையும் இருக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. நம் அளவையில் இம்மொத்த எடை ஏறத்தாழ 26.96 கிராம். அவ்வாண்டு ஜூலையில், பிலடெல்பியாவில் அக்கசாலைக் கட்டடம் எழும்பு முன்பே, ஜான் ஹார்ப்பர் என்பவரின் நிலவறையில் சுமார் 1,500 அரை டைம் காசுகள் அடிக்கப்பட்டன. முதல் வெள்ளி டாலருக்கு 1794 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தங்கத்தையும் வெள்ளியையும் கையாளும் அலுவலர்கள் தலைக்குப் பத்தாயிரம் டாலர் பிணை கட்ட வேண்டும் என்ற விதியே தடையாக நின்றது. பிணைத்தொகை குறைக்கப்பட்ட பின்னர், 1794 அக்டோபர் 15ஆம் நாள் 1,758 டாலர்கள் வெளிவந்தன. அப்போதிருந்த அச்சுப்பொறி அவ்வளவு பெரிய காசுக்குப் போதிய வலிமை உடையதன்று. ஆகவே பெரும்பாலான 1794 டாலர்களில் இடப்பக்கம் மங்கலாகவே காணப்படும்.

அக்காலத்தில் எல்லாம் கைவேலை. வெள்ளி வில்லையின் எடை கூடினால் அரத்தால் அராவிக் குறைத்தனர். குறைந்தால் நடுவில் துளையிட்டுச் சிறு வெள்ளித் துண்டைச் செருகி, அதன்மேல் முத்திரையிட்டனர். அரம் பட்ட கோடுகளைப் பார்க்கும் புதியவர், காசு கெட்டுவிட்டது என்று எண்ணுவார். அறிந்தவரோ, முத்திரை விழுமுன் ஏற்பட்ட கோடு எது, பின்னர் எவரோ கீறியது எது என்று பிரித்துப் பார்ப்பார். 2013ஆம் ஆண்டு ஏலத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் விலைபோன 1794 டாலரில் அரக்கோடுகளும் உண்டு. செருகிய வெள்ளித் துண்டும் உண்டு!

எஃகு அச்சுகள் அருமையானவை. எனவே ஆண்டு முடிந்தாலும் அச்சு தேயும்வரை பயன்படுத்தினர். சில வேளைகளில் பழைய எண்ணின்மேல் புதிய எண்ணை வெட்டினர். இந்தச் சிக்கனமே ஒரு பெரும் புதிருக்கு வித்திட்டது.

1804 டாலரின் கதை

1804ஆம் ஆண்டில் 19,570 வெள்ளி டாலர்கள் அடிக்கப்பட்டதாக அக்கசாலைக் கணக்கு சொல்கிறது. அவை முந்தைய ஆண்டு பொறித்த பழைய அச்சுகளால் அடிக்கப்பட்டவை. அத்தோடு டாலர் அடிப்பதும் நின்றது. ஏன்? புதிய அமெரிக்க டாலரை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுசென்று, எடை சற்று மிகுந்த ஸ்பானிய டாலருக்கு ஒன்றுக்கு ஒன்றாக மாற்றி, அதை அக்கசாலைக்கே கொடுத்து மீண்டும் அமெரிக்க டாலராக்கிக் கொண்டனர் வணிகர். அக்கசாலையின் உழைப்பு நாட்டுக்குப் பயன்படாமல் இடைத்தரகருக்கே பயன்பட்டது.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1834இல் சயாம் மன்னர், மஸ்கட் சுல்தான் முதலியோருக்குப் பரிசளிக்க அமெரிக்கக் காசுகளின் முழுத் தொகுதி வேண்டும் என்று வெளியுறவுத் துறை கேட்டது. எட்மண்ட் ராபர்ட்ஸ் என்னும் தூதர் அவற்றைக் கொண்டுசெல்ல இருந்தார். தொகுதியில் வெள்ளி டாலர் இல்லாமல் இருக்கலாமா? பழைய கணக்கைப் புரட்டினர். கடைசி ஆண்டு 1804 என்றிருந்தது. உடனே அவ்வாண்டைப் பொறித்துப் புதிய அச்சு வெட்டினர். யாரையும் ஏமாற்றும் நோக்கம் இதில் இல்லை. அவ்வாறு பிறந்த காசுகளில் இன்று எட்டு உள்ளன. 1850களின் பிற்பகுதியில் அக்கசாலைக்குள்ளேயே சிலர் மறைவாக மேலும் சில காசுகளை அடித்தனர். அவற்றுள் ஒன்று, 1857ஆம் ஆண்டின் ஸ்விட்சர்லாந்துக் காசு ஒன்றின்மேல் முத்திரையிடப்பட்டது. அடிக்கப்பட்ட காலத்தைத் தன் வயிற்றிலேயே சுமந்து நிற்கும் அக்காசு இப்போது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் காட்சியகத்தில் இருக்கிறது.

இக்காசுகள் உண்மையில் 1804இல் அடிக்கப்பட்டவையே என்று வாதிட்டோர் பலர். உண்மையை வெளிப்படுத்தியது காசின் விளிம்பு. பழைய டாலர்களில் வில்லையின் விளிம்பில் முதலில் எழுத்தைப் பொறித்து, பின்னரே முகங்களில் முத்திரையிடுவர். எழுத்து தெளிவாக நிற்கும். 1804 டாலரிலோ விளிம்பெழுத்து நசுங்கிக் கிடக்கிறது. முத்திரையிடும்போது காசைச் சுற்றி இறுக்கமான எஃகு வளையம் இருந்ததே காரணம். அம்முறை பிலடெல்பியாவுக்கு வந்தது 1820களின் இறுதியில்! எரிக் நியூமன், கென்னத் பிரெசெட் ஆகிய இருவரும் 1962இல் இவற்றையெல்லாம் தொகுத்து நூலாக்கினர். நூல் அச்சேறும் தறுவாயில், சயாம் மன்னருக்கு அளித்த தொகுதியே இங்கிலாந்திலிருந்து வெளிப்பட்டு அவர்கள் முடிவுக்கு அரண் செய்தது.

சேகரிப்போர் கையாளும் முறை

இனி, ஒரு காசைக் கையிலெடுப்பவர் எவற்றை நோக்க வேண்டும் எனக் காண்போம்.

முதலாவது எடை. அடுத்தது ஒப்படர்த்தி. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்திருக்கிறோம். வெள்ளியின் ஒப்படர்த்தி 10.49, செம்பு கலந்த பழைய டாலருக்கு அது 10.30 அளவில் அமையும். அதாவது 26.96 கிராம் டாலர் நீரில் மூழ்கும்போது ஏறத்தாழ 2.62 கிராம் எடை இழக்க வேண்டும். இதில் பெரிதும் வேறுபட்டால் அக்காசை ஐயுற வேண்டும். ஆயினும் இச்சோதனை உலோகத்தை மட்டுமே சொல்லும். நல்ல 1800ஆம் ஆண்டு டாலரின் கடைசி எண்ணைத் திருத்தி 1804 ஆக்கியவர்கள் உண்டு. அத்தகைய போலி இச்சோதனையில் எளிதாகத் தேறிவிடும். ஆகவே மூன்றாவதாக, உருப்பெருக்கியால் எண்களையும் விளிம்பையும் பார்க்க வேண்டும். நான்காவது, அச்சு ஒப்பீடு. கையால் வெட்டிய அச்சு ஒவ்வொன்றிலும் நட்சத்திரங்களின் இடைவெளியும் எழுத்தின் சாய்வும் வேறுபடும். எம். எச். போலண்டர் 1950இல் டாலர்களுக்கும், ஆல் ஓவர்ட்டன் 1967இல் அரை டாலர்களுக்கும் அச்சு வகைகளைப் பட்டியலிட்டனர். பட்டியலில் எந்த அச்சோடும் பொருந்தாத காசு, புதிய கண்டுபிடிப்பாகவும் இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். போலியோ என்று ஐயுறுவதே அறிவுடைமை.

ஐந்தாவதாக ஓர் எச்சரிக்கை. வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கை விபூதியிட்டுத் துலக்குவதுபோல் பழங்காசைத் துலக்கக் கூடாது. கருமை படிந்த மேற்பரப்பும் ஒரு சான்று. துலக்கினால் பளபளப்பு வரும். சான்றும் மதிப்பும் போகும்.

முடிவுரை

1804 டாலரின் ஆண்டு உண்மையன்று என்று தெளிவான பிறகும் அதன் மதிப்பு குறையவில்லை. மஸ்கட் சுல்தானுக்குரியது எனக் கருதப்படும் காசு 1999இல் 41 இலட்சம் டாலருக்கும், 2021இல் 76 இலட்சம் டாலருக்கு மேலும் விலைபோயிற்று. தன்மேல் எழுதிய பொய்யால் அன்று, ஆராய்ந்து கண்ட உண்மையால் அது சிறப்படைந்தது.

எழுதப்பட்ட ஆண்டு என்பது காசு தன்னைப்பற்றித் தானே கூறும் வாக்குமூலம். எடை, விளிம்பு, அச்சு, உலோகம் ஆகியவை சாட்சிகள். வாக்குமூலத்தைக் குறித்துக்கொண்டு, சாட்சிகளை விசாரித்த பின்னரே தீர்ப்பு எழுத வேண்டும். கல்வெட்டாயினும் ஏடாயினும் அரசாங்க அறிக்கையாயினும் இம்முறை பொருந்தும். காசின் நாணயத்தைச் சோதிக்கக் கற்றவர், ஆவணத்தின் நாணயத்தையும் சோதிக்கக் கற்றவராவார்.