ஒரு வருஷ நர்சிங்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பேருந்து நிலையச் சுவர்களில் ‘ஓராண்டில் நர்சிங், உடனடி வேலை’ என்று நோட்டீஸ் ஒட்டிவிடுகிறார்கள். ‘அசிஸ்டென்ட்’ என்ற சொல் மட்டும் அதில் பொடி எழுத்தில் இருக்கும்.

நம்பிக்கை: நர்சிங் அசிஸ்டென்ட் படித்து நாலு வருஷம் வேலை பார்த்தால் ஸ்டாஃப் நர்ஸ் ஆகிவிடலாம்.

உண்மை: ஆக முடியாது. நர்சிங் கவுன்சிலில் பதிய இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்ற படிப்பு வேண்டும்: ஏ.என்.எம். 2 ஆண்டு, ஜி.என்.எம். 3 ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. மூன்றுக்குமே பிளஸ் டூ தேர்ச்சி கட்டாயம். அசிஸ்டென்ட் பயிற்சிக்குப் பொதுவாகப் பத்தாம் வகுப்பு போதும். திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் இதற்கு ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’ என்று பெயர். கௌரவமான வேலைதான். ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் செவிலியராகப் பதிய முடியாது; அனுபவம் எத்தனை வருஷம் இருந்தாலும் சரி. ஊசி போடுவதும் டிரிப் ஏற்றுவதும் அவர்கள் வேலை அல்ல. சில இடங்களில் ஆள் பற்றாக்குறையால் செய்யச் சொல்கிறார்கள். ஏதாவது விபரீதமானால் சொன்னவர் நழுவிவிடுவார்.

நம்பிக்கை: உடம்பு துடைத்து, பெட்ஷீட் மாற்றும் வேலைக்கு எழுதப் படிக்க எதற்கு?

உண்மை: இந்த எண்ணம்தான் மிகவும் ஆபத்தானது. சிறுநீரக நோயாளி ஒருவருக்கு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் கணக்கு வைத்திருப்பார். குடித்த காபி, கஞ்சி, வெளியேறிய சிறுநீர் எல்லாம் மில்லி கணக்கில் சார்ட்டில் ஏற வேண்டும். பெரும்பாலும் அளந்து எழுதுவது அசிஸ்டென்ட்தான். 150 என்பதை 1500 என்று எழுதினாலோ, நேரத்தை மாற்றிப் போட்டாலோ, அடுத்து எழுதப்படும் மருந்தே தவறாகப் போகலாம். பெரியவர்களின் நாடித் துடிப்பு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கலாம் என்று தெரிந்தவருக்குத்தான் 130-ஐப் பார்த்ததும் சிஸ்டரைக் கூப்பிடத் தோன்றும். ஆபரேஷனுக்குப் போகிறவர் கட்டிலில் ‘என்.பி.ஓ.’ என்று எழுதியிருந்தால் வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது. அதைப் படிக்கத் தெரியாமல் பாசத்தோடு கொடுத்த ஒரு டம்ளர் பால் மயக்க மருந்தின்போது நுரையீரலுக்குள் போய்விடலாம்.

நம்பிக்கை: அப்படியானால் சரளமாக இங்கிலீஷ் பேச வேண்டும்.

உண்மை: வேண்டாம். தமிழக வார்டுகளில் நோயாளியிடம் பேசுவது தமிழில்தான். சார்ட்டின் தலைப்புகள், எண்கள், இருபது முப்பது சுருக்கெழுத்துகள் பிடிபட்டால் போதும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

நம்பிக்கை: பிளஸ் டூவில் பயாலஜி எடுக்காதவருக்கு அசிஸ்டென்ட் படிப்புதான் மிச்சம்.

உண்மை: பி.எஸ்சி. நர்சிங்குக்குத்தான் இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். ஏ.என்.எம்., ஜி.என்.எம். இரண்டுக்கும் மற்ற பிரிவில் படித்தவர்களையும் கவுன்சில் விதி அனுமதிக்கிறது. மாநில அரசின் சேர்க்கை விதி வேறாக இருக்கலாம் என்பதால் அந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதை முடித்தால் நர்சிங் கவுன்சிலில் பதிய முடியுமா?” முடியும் என்றால் எழுத்தில் வாங்கி, கவுன்சிலிலும் விசாரியுங்கள். அதற்குள் மார்க் ஷீட்டின் அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.