புளியந்தீவு மரியாள் ஆலயம் கற்றுத்தரும் பாடம்

இடம்பெயர்ந்து திரும்பும் குடும்பங்கள் வீட்டையும் வயலையும் பார்த்த கையோடு கோயிலையும் போய்ப் பார்க்கின்றன. கூரை போய், சுவர் இடிந்து கிடந்தால், ஊரே அழிந்துவிட்டது போல மனம் சோர்கிறது. கட்டடம் போனால் எல்லாம் போய்விடுமா? மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவில் நிற்கும் புனித மரியாள் ஆலயத்தின் வரலாற்றோடு சேர்த்து இதை ஆராய்வோம்.

1. கட்டடம் இல்லாத காலம்

போர்த்துக்கீசர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638இல், ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். 1658இல் போர்த்துக்கீசர் இலங்கையை முற்றாக இழந்த பின், கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேவாஸ் அடிகளாரும் அவருக்குப் பின் வந்த குருக்களும் மறைவாகவே மக்களைச் சந்தித்தனர். (அவர் 2015இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.) மட்டக்களப்பில் தச்சு வேலையும் கொல்லு வேலையும் செய்து வாழ்ந்த பறங்கியர், தம் பேச்சையும் சமயத்தையும் கைவிடவில்லை. ஏறக்குறைய 150 ஆண்டுகள் திருச்சபை வீடுகளிலேயே உயிர் வாழ்ந்தது.

2. கட்டடம் எழுந்த காலம்

1806இல் ஆங்கில ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த சட்டத் தடைகளை நீக்கினார். பின்பு ஆலயங்களும் பாடசாலைகளும் வெளிப்படையாக வளர்ந்தன. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவானது. 1967இல் அதன் பெயரோடு மட்டக்களப்பும் சேர்ந்தது. 2012 ஜூலை 3ஆம் திகதி மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாகியது. புளியந்தீவு ஆலயம் அதன் பேராலயமானது.

3. அடிபட்ட காலம்

1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி மாவட்டத்தின் கோயில்கள், பாடசாலைகள், தென்னந்தோப்புகள் அனைத்தையும் உலுக்கியது. 1988 ஜூன் 6ஆம் திகதி, பிரஜைகள் குழுத் தலைவராக மக்களுக்காகக் குரல் கொடுத்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் இதே ஆலயத்துக்குள் கொல்லப்பட்டார். சுவர் தானாக எவரையும் காப்பதில்லை. ஆயினும் மக்கள் மீண்டும் கூடினர். ஆலயம் இன்றும் நிற்கிறது.

4. நாம் செய்யக்கூடியது

கட்டடத்தைக் காப்பது கூடிவரும் மக்களே. அந்த மக்களைக் காப்பதில் ஏட்டுக்கும் பங்குண்டு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பங்கு ஏட்டில் எழுதிவைப்பது திருச்சபையின் பழைய வழக்கம். பிறப்புப் பதிவு தவறிய பிள்ளைக்குக் காலங்கடந்த பதிவு கோரும்போது, ஞானஸ்நானச் சான்றிதழும் பாடசாலைப் பதிவும் சான்றாக உதவும். பிறப்புச் சான்றிதழ் இன்றி அடையாள அட்டை பெறுவது கடினம். அடையாள அட்டை இன்றிக் காணி அனுமதிப்பத்திரம் பற்றிப் பேசுவதும் கடினம்.

எனவே கோயில் கூரைக்குப் பணம் சேரும்வரை காத்திராமல், இன்றே ஒரு கொப்பியைத் திறப்போம். எந்த வட்டையில் யாருடைய வயல், எல்லை வரம்பு எது, எந்த வாய்க்காலில் தண்ணீர் வரும், அனுமதிப்பத்திர இலக்கம் என்ன என்பதை வயதானவர்களிடம் கேட்டு எழுதுவோம். வட்டைவிதானையையும் அழைப்போம். இரண்டு பிரதிகள் எடுத்து, பொலித்தீனில் சுற்றி, இரண்டு வெவ்வேறு இடங்களில் வைப்போம். ஓடவேண்டி வந்தால் நெல் மூட்டையைச் சுமக்க முடியாது, கொப்பியைச் சுமக்கலாம்.

குழுவாகக் கலந்துரையாட:

1. உங்கள் ஊரில் கட்டடம் இல்லாமலே தொடர்ந்து நடந்த பொதுக் காரியம் எது? அதை நடத்தியவர்கள் யார்?

2. உங்கள் பிள்ளைகளில் பிறப்புப் பதிவு இல்லாதவர் உண்டா? அவருக்கு வேறு என்ன சான்று இருக்கிறது?

3. உங்கள் வட்டையின் எல்லைகளை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்? அவர்களிடம் எப்போது கேட்கப் போகிறீர்கள்?