சீனி வருத்தமுள்ள பிள்ளையும் நாளாந்த ஊசியும்

நீரிழிவு என்றதும் அது வயது போனவர்களின் வருத்தம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உம்மம்மாவின் மருந்துப் பெட்டியில் மெற்போமின் குளிசையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நான்கு வயதிலும் பத்து வயதிலும் வருகின்ற நீரிழிவு ஒன்றும் உண்டு. அதற்குக் குளிசை போதாது. ஒவ்வொரு நாளும், ஆயுள் முழுவதும், இன்சுலின் ஊசி போட வேண்டும். அந்த ஊசியை ஒரு குழந்தை பயமின்றி ஏற்றுக்கொள்ள வீட்டார் என்ன செய்யலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான் சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிப்பவள். என் தங்கையின் மகளுக்கு நாலரை வயதில் இந்நோய் இருப்பது தெரிய வந்தது. ஆகவே நூல்களில் படித்ததோடு, கிளினிக்கில் தாதியர் சொல்லித் தந்ததையும், மூன்று வருடங்களாக ஒரு வீட்டினுள் கண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். மாணவியரே, உங்களில் பலர் வீட்டில் மூத்த பிள்ளைகள். தம்பி தங்கையரின் மருந்து நேரம் பல வேளைகளில் உங்கள் கைக்கே வந்து சேரும். அதனால் இது உங்களுக்கான பாடமும் ஆகும்.

நோயை விளங்கிக்கொள்ளல்

நாம் உண்ணும் சோறும் பாணும் இடியப்பமும் சமிபாடடைந்து குளுக்கோசாகிக் குருதியிற் சேர்கின்றன. அந்தக் குளுக்கோசு உடற் கலங்களினுள் செல்வதற்கு இன்சுலின் வேண்டும். இன்சுலினைச் சுரப்பவை சதையியில் உள்ள பீற்றாக் கலங்கள். முதலாம் வகை நீரிழிவில் உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே இக்கலங்களைத் தவறுதலாக அழித்துவிடுகிறது. குருதியில் குளுக்கோசு நிரம்பி வழிகிறது. கலங்களோ பட்டினி கிடக்கின்றன. பிள்ளை அடிக்கடி தண்ணீர் கேட்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்து போகும். படுக்கையை நனைப்பதை விட்டிருந்த பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்கும்.

இந்நோய் இனிப்பு அதிகம் தின்றதால் வந்ததல்ல. "நீங்க ரொபி வாங்கிக் குடுத்துத்தான் வந்தது" என்று உம்மாவைக் குற்றஞ்சாட்டும் உறவினருக்கு முதலில் இதைச் சொல்ல வேண்டும். குற்ற உணர்வோடு ஊசியைக் கையில் எடுக்கும் தாயின் முகத்தைப் பிள்ளை உடனே படித்துவிடுகிறது.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகள் சில மாதங்களில் அல்லது ஓரிரு வருடங்களில் இறந்தனர். 1921 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்போர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11 ஆம் திகதி லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது தூய்மை குறைந்த மருந்தாக இருந்ததால் பயன் தரவில்லை. கொலிப் என்ற விஞ்ஞானி தூய்மைப்படுத்திய மருந்து 23 ஆம் திகதி போடப்பட்டபோது சிறுவன் தேறினான். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் எலிசபெத் ஹியூஸ் என்ற அமெரிக்கச் சிறுமி எலும்பும் தோலுமாக அங்கு கொண்டு வரப்பட்டாள். ஊசியைத் தானே போட்டுக்கொள்ளப் பழகினாள். படித்துப் பட்டம் பெற்று, மணம் முடித்து, மூன்று பிள்ளைகளுக்குத் தாயாகி, 1981 வரை வாழ்ந்தாள். வாழ்நாளில் ஏறத்தாழ 42,000 ஊசிகள் போட்டிருப்பாள் என்பர். ஊசி போடும் பிள்ளையால் நீண்ட நாள் வாழ முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிள்ளையின் மொழியில் சொல்லுதல்

1848 இல் மானிப்பாயில் வைத்தியப் பணியைத் தொடங்கிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களையும் தமிழில் வெளியிட்டார். வைத்தியம் மக்களிடம் வேரூன்ற வேண்டுமானால் அது அவர்களின் மொழியில் இருக்க வேண்டும் என்பதை இக்குடாநாடு அன்றே கண்டது. அதே முறையைச் சிறு பிள்ளையிடமும் கையாள வேண்டும். பிள்ளைக்கும் ஒரு மொழி உண்டு.

நாங்கள் எங்கள் பிள்ளைக்குச் சொன்னது இது: "உன்ர உடம்புக்குள்ள நிறையச் சின்னச் சின்ன வீடு இருக்கு. நீ சாப்பிடுற சாப்பாடு அந்த வீட்டுக்குள்ள போகோணும். கதவைத் திறக்கிற திறப்புத்தான் இன்சுலின். உன்ர உடம்பு திறப்புச் செய்ய மறந்திட்டுது. அதால நாங்க வெளியில இருந்து திறப்புக் குடுக்கிறம்." நாலரை வயதுக்கு இது போதும். ஏழு, எட்டு வயதில் சதையியைப் படம் வரைந்து காட்டலாம். பத்து வயதில் மீற்றர் காட்டும் இலக்கத்தின் பொருளைச் சொல்லலாம்.

சிறு பிள்ளைகள் ஊசியைத் தண்டனை என்று எண்ணுவது இயல்பு. தங்கையை அடித்ததால் அல்லது பொய் சொன்னதால் தனக்கு வருத்தம் வந்தது என்று நினைக்கும். நாமும் அந்த எண்ணத்துக்குத் தீனி போடுகிறோம். "குழப்படி செய்தா டொக்டரிட்ட சொல்லி ஊசி போடுவிப்பன்" என்பது நம் வீடுகளில் சர்வசாதாரணமான வார்த்தை. நாள்தோறும் ஊசி போட வேண்டிய பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த வார்த்தை ஒருபோதும் எழக்கூடாது. அந்தப் பிள்ளையின் காதுபடப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதைச் சொல்லக்கூடாது.

"நோகவே நோகாது" என்ற பொய்யும் வேண்டாம். முதல் நாள் நம்பும். ஊசி பட்டதும் நம் சொல்லில் உள்ள நம்பிக்கை போய்விடும். மறுநாள் "வெறுங்கை, பாரு" என்றால்கூட நம்பாது. "நுளம்பு கடிச்ச மாதிரி நோகும். பத்து எண்ண முதல் முடிஞ்சிரும்" என்பது உண்மை. நித்திரையில் இருக்கும்போது தெரியாமல் போட்டுவிடுவதும் இதைப் போன்றதே. படுக்கையே பயமாகிவிட்டால் பிள்ளை எங்கே போய் உறங்கும்?

எதில் தெரிவு, எதில் இல்லை

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்க வேண்டுமானால் இதை வையுங்கள். ஊசி போடுவதா வேண்டாமா என்பதில் பிள்ளைக்குத் தெரிவு இல்லை. அதை எப்படிப் போடுவது என்பதில் பிள்ளைக்கு நிறையத் தெரிவு உண்டு.

"ஊசி போடுவமா மகள்?" என்று கேட்டால் "வேணாம்" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலை நம்மால் ஏற்க முடியாது. பிறகு ஏன் கேட்பது? "இப்ப ஊசி நேரம். இண்டைக்கு வயிறா, தொடையா?" என்று கேட்க வேண்டும். "உம்மாட மடியிலயா, கதிரையிலயா?", "நீ எண்ணுறியா, நான் எண்ணவா?" இவையும் அப்படிப்பட்ட கேள்விகளே. நோயால் பல விடயங்களில் உரிமை இழந்த பிள்ளைக்கு இச்சிறு உரிமைகள் பெரியவை.

இடத்தைத் தெரியச் செய்வதில் வைத்திய ரீதியான நன்மையும் உண்டு. வயிறு, தொடை, மேற்கை, பிட்டம் என மாறி மாறிப் போட வேண்டும். ஒரே இடத்தில் போட்டுவந்தால் தோலின் கீழ்க் கொழுப்புத் தடித்துக் கட்டியாகும். அங்கே நோவு குறைவாக இருப்பதால் பிள்ளை அதையே கேட்கும். ஆனால் அங்கிருந்து இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. ஒரு பிள்ளையின் உருவத்தை வரைந்து, போட்ட இடத்தில் ஒவ்வொரு நாளும் நட்சத்திரம் ஒட்டச் செய்தால், எந்த இடம் மீதமிருக்கிறது என்பதைப் பிள்ளையே சொல்லும். ஊசிக்குக் கூலியாக இனிப்பைக் கொடுக்க வேண்டியதில்லை, நட்சத்திரமே போதும். "நல்ல பிள்ளை" என்று பொதுவாகப் புகழ்வதிலும் "கையை ஆட்டாமல் வைச்சிருந்தாய்" என்று செய்ததைக் குறித்துப் புகழ்வது நன்று. அழுதுகொண்டே கையை நீட்டிய பிள்ளையும் ஒத்துழைத்த பிள்ளைதான்.

ஊசியை வாடிக்கையான ஒரு வேலையோடு சேர்த்துவிட வேண்டும். சுபஹுத் தொழுகை முடிந்து, கைகழுவி, சீனி பார்த்து, ஊசி போட்டு, வைத்தியர் சொன்ன இடைவெளி விட்டுக் காலைச் சாப்பாடு என்ற ஒழுங்கு நிலைத்துவிட்டால் தினமும் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிராது. குளிர்ந்த மருந்து கூடுதலாக எரியும். ஆகவே பிரிஜ்ஜிலிருந்து சற்று முன்னரே எடுத்து வைக்க வேண்டும். ஊசியை ஆயத்தப்படுத்துவதைப் பிள்ளையின் கண்முன்னே நீண்ட நேரம் செய்யக்கூடாது. சவர்க்காரக் குமிழி ஊதுவதும், மெதுவாக மூச்சை வெளியே விடுவதும் தசையைத் தளர்த்தும். மறுத்தால் கெஞ்சலும் அதட்டலுமாக அரை மணித்தியாலம் இழுக்காமல், இரண்டு நிமிடம் ஆறுதல் சொல்லி, சொன்னபடி போட்டுமுடிப்பதே இரக்கம். இழுக்க இழுக்கப் பயம் வளரும்.

அடமா, சீனி குறைவா?

அடம்பிடிக்கும் பிள்ளையை ஏசுவதற்கு முன் விரல் நுனியில் குத்திச் சீனி பார்க்க வேண்டும். குருதியில் குளுக்கோசு குறையும்போது நடுக்கம், வியர்வை, பசி என்பவற்றோடு காரணமில்லாத கோபமும் அழுகையும் வரும். ஒரு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும். வளர்ந்தவருக்கு 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிச் சீனி. சிறு பிள்ளைக்கு அதிலும் குறைவு. உங்கள் பிள்ளைக்குரிய அளவைக் கிளினிக்கில் கேட்டுச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். 15 நிமிடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

காய்ச்சலில் சாப்பிடாமல் படுத்திருக்கும் பிள்ளைக்கு இன்சுலினை அடியோடு நிறுத்துவதும் ஆபத்து. வாந்தி, வயிற்று நோவு, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழவாசனை என்பன தோன்றினால் அது அவசர நிலை. தாமதிக்காமல் யாழ் போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ செல்ல வேண்டும்.

நோன்பும் பயணமும்

முன்னர் மாடு, பன்றி என்பவற்றின் சதையியிலிருந்து இன்சுலின் எடுக்கப்பட்டது. அதை நினைத்து மனம் தயங்குவோர் நம் வீடுகளில் இன்னும் உள்ளனர். 1982 முதல் பற்றீரியா, மதுவம் போன்ற நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலின் தயாரிக்கப்பட்டு வருகிறது. சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் கேட்டுத் தெளியலாம். பிள்ளையின் முன்னால் மருந்தை இழிவாகப் பேசக்கூடாது.

றமழானில் ராத்தாவும் நானாவும் நோன்பு பிடிக்கையில் தான் மட்டும் தள்ளி வைக்கப்பட்டதாக இப்பிள்ளை உணரும். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது அல்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்திலேயே கூறப்பட்டுள்ளது. அது குறைபாடு அல்ல, அல்லாஹ்வின் அருள் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். நோன்பு திறக்கும் பாயில் பேரீச்சம்பழத்தை எல்லோருக்கும் பகிரும் வேலையை அப்பிள்ளையிடம் கொடுங்கள். பருவமடைந்த பிள்ளை நோன்பு பிடிக்க விரும்பினால், றமழானுக்கு முன்னரே வைத்தியரிடம் பேச வேண்டும்.

1990 ஒக்டோபர் வெளியேற்றத்தின் பின் நம் குடும்பங்கள் பல இன்றும் புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே வாழ்கின்றன. வாப்பும்மா வீட்டில் ஒரு முறை, உம்மம்மா வீட்டில் இன்னொரு முறை என்றால் பிள்ளை குழம்பும். இரு வீட்டாரும் ஒரே வார்த்தையைப் பேச வேண்டும். "பாவம், இண்டைக்கு ஒரு நாள் விடுங்க" என்று மூத்தவர் ஒருவர் இரங்கினால், பல வாரப் பழக்கம் ஒரே நாளில் குலைந்துவிடும். பஸ்ஸில் மருந்தைப் பெரிய பையோடு பின்னால் போடாமல் கைப்பையில் வைத்திருங்கள். திறக்காத மருந்து 2 முதல் 8 பாகை வரையிலான குளிரில் இருக்க வேண்டும், உறையக்கூடாது. திறந்ததை வெயில் படாமல், 30 பாகைக்குக் கீழே வைத்துப் பொதுவாக நான்கு வாரத்துக்குள் பாவிக்கலாம்.

வளர்ந்த பின்

பத்து வயதில் ஊசியைத் தானே போடப் பழகிய பிள்ளையிடம் எல்லாப் பொறுப்பையும் விட்டுவிட முடியாது. பதின்ம வயதில் பல பிள்ளைகள் ஊசியைத் தவறவிடுகின்றனர். சில பெண்பிள்ளைகள் மெலிய வேண்டும் என்று இன்சுலினை வேண்டுமென்றே குறைக்கின்றனர். அது கண்ணையும் சிறுநீரகத்தையும் உயிரையும் பறிக்கும். போடுவது பிள்ளையின் கை. பக்கத்தில் நிற்பது தாயின் கண்.

இன்னொன்று. "நாளைக்குக் கலியாணம் பேசேக்க தெரிஞ்சிட்டா?" என்று பெண்பிள்ளையின் நோயை மறைக்கும் வீடுகள் உண்டு. மறைக்கச் சொன்ன மருந்தைப் பிள்ளை வெட்கப்பட வேண்டிய ஒன்றாகவே கருதும். திருமண வீட்டிலும் வகுப்பிலும் அதைப் போடாமல் விடும். மறைத்ததால் மானம் காக்கப்பட்டதாக நினைக்கும் பெற்றோருக்கு, இழப்பது எது என்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மாணவியரே, உங்கள் வகுப்பிலும் இன்சுலின் பேனாவோடு வரும் ஒரு பிள்ளை இருக்கலாம். பாடவேளையில் அவள் திடீரென ஏதும் சாப்பிட்டால் சிரிக்காதீர்கள். அவள் வியர்த்து நடுங்கினால் தனியே வெளியே அனுப்பாதீர்கள். ஒருவர் கூடவே நின்று, இன்னொருவர் ஆசிரியையிடம் ஓடுங்கள். ஊசி போடும்போது உற்றுப் பார்க்காமல், அவள் விரும்பினால் பக்கத்தில் இருங்கள். நோயுற்ற பிள்ளைகள் அனைவருக்கும் வல்ல நாயன் ஆரோக்கியத்தையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் அருள்வானாக. ஆமீன்.